2004 டாஹோ: டார்ஷன் போல்ட்டை ஏத்தினதும் முன்பக்கம் இடிக்குது
உங்க 2004 டாஹோ (ஷெவர்லே எஸ்யூவி) வண்டியை உயர்த்தறது பத்திக் கேட்டீங்கல்ல, ஆறு இன்ச் உயர்த்தற கிட் வேண்டாம். முன்னாடி டார்ஷன் பாரை (முறுக்கினா ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யற கம்பி) முறுக்கற போல்ட்டால ஒன்றரை இன்ச், பின்னாடி காயில் ஸ்பிரிங் மேல ஒரு இன்ச் ஸ்பேசர் (இடைக்கட்டை), இது தாராளம், செலவும் கம்மி.

போல்ட்டை ஃபுல்லா ஏத்தின பிறகு சின்ன பள்ளத்துலகூட டங்குனு அடிக்குதுன்னீங்கல்ல, பார் கெட்டியாயிடுச்சுன்னு நினைக்காதீங்க, முறுக்கினா உயரம்தான் மாறும். வண்டி உயர்ந்ததால, வீலைப் பிடிச்சிருக்கற மேல் ஆர்ம் கீழ இறங்க இடமில்லாம, அதைத் தடுத்து நிறுத்தற ஸ்டாப்ல போய் இடிக்குது, பெரும்பாலும் இதான்.

சமதரையில நிறுத்தி டார்ச் அடிச்சுப் பாருங்க. ஆர்மும் ஸ்டாப்பும் கிட்டத்தட்ட ஒட்டி இருந்தா போல்ட்டை இறக்குங்க, வீல் நடுவுல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளந்து ரெண்டு பக்கமும் சமமா வைங்க. அப்புறம் அலைன்மென்ட் (வீல் கோணத்தைச் சரிபண்றது) கண்டிப்பா பண்ணணும், இல்லன்னா டயர் ஓரம் தேஞ்சிடும்.

கீயையே (பார் முனையில மாட்டி, போல்ட் தள்ளற இரும்புத் துண்டு) மாத்தறதா இருந்தா அதுக்குன்னு இருக்கற டூல் இல்லாம கை வைக்காதீங்க, பார்ல இருக்கற முறுக்கு தெறிச்சா கை போயிடும்.