உதவி கிடைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? மலேசிய உதவி அமைப்புத் தொண்டர்களின் கேள்விகளுக்குப் பதில்

செந்தூல் தொண்டர்: அக்கா, டயாலிசிஸ் உதவி கேட்டவருக்கு நிதி கிடைக்கவில்லை. வாட்சாப்பில் தகவல் அனுப்பினால் போதுமா?

போதாது தம்பி. போன் செய்யுங்கள், கமிட்டி முடிவெடுத்த அன்றோ மறுநாளோ. அதற்கு முன் கோப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்: பெயர், கேட்ட தொகை, மறுத்த காரணம் ஒரே வரியில், அடுத்து அவர் போகக்கூடிய இடம். "இப்ப பேசலாமா ஐயா, வண்டி ஓட்டிட்டு இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, "நல்ல செய்தி இல்லைங்க. நீங்க கேட்ட டயாலிசிஸ் உதவிய எங்களால கொடுக்க முடியல" என்று சொல்லுங்கள். சொன்னதும் பேச்சை நிறுத்துங்கள். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். பலர் இந்த இடத்தில்தான் பதறிப்போய்க் காரணங்களை அடுக்குகிறார்கள், கேட்பவர் மனத்தில் ஒன்றும் பதியாது. அவர் வாய் திறந்த பிறகு காரணம் சொல்லலாம். வாட்சாப் கடைசியில், எழுத்து ஆதாரத்துக்கு மட்டும்.

பட்டர்வொர்த் தொண்டர்: "பார்க்கலாம், கமிட்டியில பேசுறோம்" என்று சொல்லி மெதுவாகப் புரியவைத்தால் மனம் நோகாதே?

இதைவிடக் கெடுதல் வேறில்லை. டயாலிசிஸ் பொதுவாக வாரம் 3 முறை, ஒவ்வொன்றும் சுமார் 4 மணி நேரம். நம்மை நம்பிக் காத்திருந்து சிகிச்சையைத் தவறவிட்டால் உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறும், உயிருக்கே ஆபத்து. இல்லை என்பது அன்றே தெரிந்தால் அவர் வேறு கதவைத் தட்டுவார். அந்தக் கதவுகளை நீங்களே சொல்லுங்கள். சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவர்களில் தகுதி உள்ளவர்களுக்கு அங்கே டயாலிசிஸ் உதவி உண்டு. அரசாங்க மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணி அதிகாரி வழியாகச் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கும் மனுச் செய்யலாம். ஒரு பத்திரம் குறைந்ததால்தான் மறுப்பு என்றால் எந்தப் பத்திரம், எந்தத் தேதிக்குள் என்று சொல்லுங்கள். முடிவு மாறாது என்றால் மேல்முறையீடு என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

பிறை தொண்டர்: மருத்துவமனையில் மொழிபெயர்க்கக் கூப்பிடுகிறார்கள். "அம்மாவுக்குக் கேன்சர்னு சொல்லிடாதீங்க" என்று மகன் கெஞ்சுகிறார்.

நோயைச் சொல்வது டாக்டரின் பொறுப்பு. உங்கள் வேலை, அவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொல்வது. ஆகவே மகனின் தயக்கத்தை உள்ளே போகுமுன்பே டாக்டரிடம் தெரிவித்துவிடுங்கள். கெட்ட செய்தி சொல்ல டாக்டர்களுக்காக 2000-இல் வெளியான ஸ்பைக்ஸ் என்ற ஆறுபடி முறையிலும், நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எவ்வளவு தெரிய விரும்புகிறார் என்று கேட்ட பிறகுதான் செய்தி வரும். பல தாய்மார்கள், "மகன்கிட்ட சொல்லுங்க, அது போதும்" என்பார்கள். அதுவும் அவர்களுடைய முடிவுதான். மகனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "அம்மாவே உங்ககிட்ட நேரா கேட்டா என்ன சொல்வீங்க அண்ணே?" வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள், அந்தச் சுமை அவர்களுக்கு வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸ் தொண்டர்: அடுக்குமாடி வீட்டுக்கு நேரில் போனால்?

இருவராகப் போங்கள். நடைபாதையில் நின்று சொல்லாதீர்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். உள்ளே போய் உட்கார்ந்து சொல்லுங்கள். அரிசி, மீ பொட்டலத்தை அன்று கையில் கொண்டுபோக வேண்டாம் என்பது என் கருத்து. பையைப் பார்த்ததும் நல்ல சேதி என்று நினைத்துவிடுவார்கள்.

செந்தூல் தொண்டர்: கோபத்தில் கத்தினால்? "செத்துப் போறேன்" என்றால்?

கத்தினால் கமிட்டிக்காக வாதாடாதீர்கள். குரலைத் தாழ்த்தி, "கோபம் வரத்தான் செய்யும்" என்று சொல்லிக் கேளுங்கள். சாவைப் பற்றிப் பேசினால், "உயிர விட்டுடணும்னு நினைக்கிறீங்களா?" என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் இணைப்பைத் துண்டிக்காமல், வீட்டில் இன்னொருவரைக் கூட வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மனம் உடைந்தவர்கள் பேச பிஃப்ரெண்டர்ஸ் உதவி எண் 03-7627 2929, 24 மணி நேரமும். உடனடி ஆபத்து என்றால் 999.

பட்டர்வொர்த் தொண்டர்: மறுபடியும் கூப்பிட வேண்டுமா?

கட்டாயம், இரண்டு மூன்று நாளில். முதல் தடவை சொன்னதில் பாதி மறந்திருக்கும். சொக்சோவுக்குப் போனாரா, யாரைப் பார்த்தார், என்ன பத்திரம் கேட்டார்கள் என்று விசாரித்துக் கோப்பில் எழுதிவையுங்கள். அடுத்த தொண்டர் அவரை முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்லவைக்கக் கூடாது.