பெரிய இத்தாலிய உணவகத்துக்கு முதல்முறை போகிறவர் எதை ஆர்டர் செய்யலாம்? கொடுக்கிற பணத்துக்குத் தகுமா?

மெனுவில் இருப்பதிலேயே எளிமையான பாஸ்தாவைக் கேளுங்கள். பணத்துக்குத் தகுமா என்பது அந்தத் தட்டிலேயே தெரிந்துவிடும்.

ரோம் நகரத்து காச்சோ எ பெப்பேயை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்தா, பெக்கோரினோ சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர். வெண்ணெயும் கிடையாது, க்ரீமும் கிடையாது. மாவுச்சத்து இறங்கிய அந்தத் தண்ணீரில் சீஸைக் கரைத்து, ஒவ்வொரு இழையிலும் வழவழவென்று ஒட்டும்படி செய்ய வேண்டும். சூடு சற்று ஏறினாலும் சீஸ் திரிந்து கட்டிகட்டியாகிவிடும். சமையல்காரர் ஒளிந்துகொள்ள இதில் இடமே இல்லை. கார்பனாராவும் அப்படித்தான்: முட்டை, பெக்கோரினோ, மிளகு, பன்றியின் கன்னப் பகுதியைப் பதப்படுத்திய குவாஞ்சாலே. அதில் க்ரீம் ஊற்றிக் கொடுக்கும் இடத்துக்கு நான் மறுபடி போவதில்லை.

அரிசியைச் சாறு ஊற்றிக் குழைவாக வேகவைக்கும் ரிசோட்டோவுக்குக் காத்திருக்கச் சொன்னால் மகிழ்ச்சியாகக் காத்திருங்கள். அரிசி வேகவே ஏறக்குறைய 18 நிமிடம் பிடிக்கும். தட்டின் அடியில் லேசாகத் தட்டினால் அது மெல்லப் பரவ வேண்டும். அள்ளி வைத்த மேடாகவே நின்றால் பதம் தவறிவிட்டது. அரிசியின் நடுவில் சிறிது கடிபடுவது முறைதான், வேகவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

மெனுவின் பிரிவுகளைப் பார்த்து மிரள வேண்டாம். அந்திபாஸ்தி தொடக்கத்துக்கு, பாஸ்தாவும் ரிசோட்டோவும் ப்ரிமியில், மீனும் இறைச்சியும் செகோந்தியில், இனிப்பு தோல்சியில். எல்லாவற்றிலும் ஒன்று வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. செகோந்தியோடு காய்கறி பெரும்பாலும் வராது. கொந்தோர்னி என்ற தலைப்பில் தனியாகக் கேட்க வேண்டும், அதற்குத் தனிக் காசு.

பில் எகிறுவது பெரும்பாலும் மெனுவில் விலை அச்சாகாத பொருட்களால்தான். மண்ணுக்கடியில் விளையும் காளான் வகையான வெள்ளை ட்ரஃபிள் கிராம் கணக்கு. பரிமாறுபவர் சின்னத் தராசில் கிழங்கு போன்ற அதை நிறுத்துக் காட்டிவிட்டு, உங்கள் தட்டின் மேல் காகிதம் போல மெல்லிசாகச் சீவத் தொடங்குவார். நீங்கள் "போதும்" என்று சொல்லும்வரை அவர் கை நிற்காது. ஃபியோரெந்தினா மாட்டிறைச்சியும் எடைக்குத்தான். "இன்றைய சிறப்பு" என்று வாயால் சொல்வதற்கும் விலை கேட்டுவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, நல்ல இடங்களில் அவர்களே சொல்லிவிடுவார்கள். ட்ரஃபிள் எண்ணெய் என்று எழுதியிருந்தால் நான் தாண்டிப் போய்விடுவேன். பெரும்பாலும் அது செயற்கை வாசனைதான்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறைய வைக்கிறார்கள். பெக்கோரினோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். ரிசோட்டோவிலும் இறைச்சிச் சாறு ஊற்றியிருக்கலாம், மிலான் பாணி ரிசோட்டோவில் மரபுப்படி எலும்பு மஜ்ஜையும் சேரும். மெனுவில் பச்சைப் புள்ளி இருக்கிறதே என்று விட்டுவிடாமல் வாய்விட்டுக் கேளுங்கள்.

சாப்பிட்ட பிறகு கப்புச்சினோ கேட்டால் இத்தாலியர்கள் முகம் சுளிப்பார்கள் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். அவர்கள் அதைக் காலையில்தான் குடிக்கிறார்கள் என்பது உண்மை. உங்களுக்குப் பிடிக்கும் என்றால் தாராளமாகக் கேளுங்கள், பில் கட்டப்போவது நீங்கள்தானே.