ஏழு மணி சீரியலை ஏன் நிறுத்தினார்கள்?

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இது:

"என் அத்தைக்கு (கணவரின் அம்மா) 71 வயது. போன வருஷம் கொல்லைப்பக்கம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. வாக்கர் வைத்துக்கொண்டு கூடம்வரை நடப்பார், அவ்வளவுதான். அன்று முதல் அவருடைய பொழுதே ஏழு மணி சீரியல்தான். தெருவிலிருந்து நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். அதை இரண்டே வாரத்தில் அவசர அவசரமாக முடித்துவிட்டார்கள். ஜெயிலில் இருந்த அண்ணன் என்ன ஆனான் என்றே காட்டவில்லை. கடைசி நாள் எல்லோரும் கோயிலில் நின்று சிரிக்கிறார்கள், சுபம் போட்டாயிற்று. அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் தெருவில் நாற்பது வீடு, பாதிக்கு மேல் பார்த்தோமே, ஏன் நிறுத்தினார்கள்? வெளிநாட்டில் ஒரு சேனல் நிறுத்தினால் இன்னொரு சேனல் எடுத்துக்கொள்ளும் என்று என் மகன் சொல்கிறான். நாங்கள் எல்லோரும் கார்டு எழுதிப் போட்டால் இங்கேயும் நடக்குமா? அத்தையை எப்படித் தேற்றுவது?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அத்தையின் வருத்தத்தை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. பதினோரு வருஷம் சீரியல்களுக்கு வசனம் எழுதியவள் நான். பாபநாசம் பக்கம் பிறந்தவள் என்பதால் உங்கள் ஊர்க் கூடமும் ஏழு மணியும் எனக்குக் கண்முன்னே தெரிகிறது. முதலில் 'ஏன்' என்ற கேள்விக்கு வருகிறேன். அத்தையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டினால் குவியல் முழுவதையுமா சோதிக்கிறார்கள்? ஒரு கைப்பிடி எடுத்து ஈரப்பதம் பார்க்கிறார்கள். அரசு தளர்வு கொடுக்காத வருஷத்தில் 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அத்தனை மூட்டையும் திரும்பக் காய வேண்டியதுதான். எந்த சீரியலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சொல்லும் டிஆர்பி என்பதும் அந்தக் கைப்பிடிதான். பார்க் (BARC) என்ற அமைப்பு 2015 முதல் இந்தக் கணக்கை எடுக்கிறது. நாடு முழுக்க 55,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறார்கள். சேனலின் ஒலிக்குள் நம் காதுக்குக் கேட்காத ஓர் அடையாளம் கலந்திருக்கும், மீட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். டிவி முன்னால் உட்காருகிற ஒவ்வொருவரும் தனக்கென்று உள்ள பட்டனை அழுத்த வேண்டும். எந்தெந்த வீடு என்பது ரகசியம். 2020-ல் அந்த அமைப்பே போட்ட மதிப்பீட்டின்படி இந்தியாவில் டிவி உள்ள வீடுகள் 21 கோடி. வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 3,800 வீட்டுக்கு ஒரு மீட்டர். உங்கள் தெரு மாதிரி தொண்ணூற்றைந்து தெரு சேர்ந்தால் ஒரு வீடு எண்ணிக்கைக்குள் வரும்.

கைப்பிடி பார்ப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். நன்றாகக் கலந்து எடுத்தால் அது குவியலைச் சரியாகவே காட்டும். என் வருத்தம் வேறு. எத்தனை பேர் பார்த்தார்கள் என்றுதான் அந்த மீட்டர் சொல்லும், எவ்வளவு ஆசையாகப் பார்த்தார்கள் என்று அதற்குத் தெரியாது. டிவியை ஓடவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பவரும் உங்கள் அத்தையும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். சீரியல் நின்றால் ஒருவர் அடுத்த சேனலுக்குப் போவார், இன்னொருவர் சாப்பிடாமல் இருப்பார். அந்த வித்தியாசத்துக்கு அங்கே எண் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சேனலுக்குப் படியளப்பவர்கள் விளம்பரம் கொடுக்கிறவர்கள். அவர்களுக்கு வெறும் தலைக்கணக்கு போதாது, யாருடைய தலை என்பதும் வேண்டும். அதனால் வீடுகளையே ஏ, பி, சி என்று தரம் பிரிக்கிறார்கள். குடும்பத்தில் அதிகம் சம்பாதிப்பவர் எவ்வளவு படித்திருக்கிறார், பதினொரு பொருள்களில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்தத் தரம். ஃபேன், கேஸ் அடுப்பு, பைக், ஃபிரிட்ஜ் என்று போகும் பட்டியலில் விவசாய நிலமும் ஒன்று. நகரத்தில் இருக்கும், கடைக்குப் போய்ப் புதுப் பொருள் வாங்கக்கூடிய வயதுப் பெண்கள்தான் பல விளம்பரக்காரர்கள் தேடுகிற ஆள். எழுபது வயதுக்காரர் ஒரு தொடரை எவ்வளவு விசுவாசமாகப் பார்த்தாலும் பத்து செகண்ட் விளம்பரத்தின் விலையை அது பெரிதாக ஏற்றுவதில்லை. இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு தொடர் சீசன் சீசனாக வரும். அடுத்த வருஷம் உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் மே மாதத்தில் தெரிந்துவிடும், ஏனென்றால் அப்போதுதான் விளம்பரக்காரர்களைக் கூட்டி அடுத்த பட்டியலைக் காட்டுவார்கள். நமக்கு அப்படி ஒரு மாதம் கிடையாது. வியாழக்கிழமைதோறும் ரேட்டிங் வரும், வியாழக்கிழமைதோறும் ஒரு தேர்வு. போன வாரத்தைவிட எவ்வளவு இறங்கியது, அதே ஏழு மணிக்கு எதிர்ச் சேனலில் என்ன வாங்கியது, இந்த ஸ்லாட்டில் புதுக் கதை போட்டால் என்ன வரும் என்று பார்ப்பார்கள். சீரியல் ஓட ஓட நடிகர்களின் ஒரு நாள் சம்பளமும் ஏறும். வரவு இறங்கி, செலவு ஏறி, இரண்டு கோடும் ஒன்றையொன்று தொடும்போது போன் வரும்.

அந்த போனை நான் கேட்டிருக்கிறேன். நான் வசனம் எழுதிய ஒரு தொடருக்கு ஒரு வியாழக்கிழமை மதியம் சேனலிலிருந்து சொன்னார்கள், பன்னிரண்டு எபிசோடில் முடித்துக்கொடுங்கள் என்று. எங்கள் நோட்டில் இன்னும் எட்டு மாதக் கதை இருந்தது. செய்தி பரவிய அன்றே இரண்டு நடிகர்கள் அடுத்த தொடருக்குக் கால்ஷீட் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கும் வீடு இருக்கிறது. வாடகை வீட்டில் எடுத்துக்கொண்டிருந்தோம், அதையும் மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். உங்கள் சீரியலில் அண்ணன் ஜெயிலிலிருந்து ஏன் வரவில்லை என்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும்: அந்த நடிகர் கிடைத்திருக்க மாட்டார். வழக்கமாக என்றால் 'இவருக்குப் பதில் இவர்' என்று போட்டு ஓட்டிவிடலாம். பத்து நாளுக்காக யார் புதிதாக வருவார்கள்? கடைசிக் காட்சி கோயிலில் நடந்ததற்கும் காரணம் உண்டு. எல்லோரையும் ஒரே இடத்தில் நிறுத்தி ஒரே நாளில் எடுத்துவிடலாம். எழுதியவர் மனம் விட்டுப்போய் அப்படி எழுதினார் என்று நினைக்காதீர்கள். எழுதும்போது அவரும் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

சரி, உங்கள் மகன் சொன்னதற்கு வருகிறேன். அவன் சொன்னது உண்மை. அமெரிக்காவில் 'புரூக்ளின் நைன்-நைன்' என்ற போலீஸ் நகைச்சுவைத் தொடரை ஃபாக்ஸ் சேனல் 2018 மே 10 அன்று நிறுத்தியது. மறுநாளே என்பிசி எடுத்துக்கொண்டது. ரசிகர்கள் இணையத்தில் போட்ட சத்தம் பெரிதுதான். ஆனால் இன்னொரு சங்கதி உண்டு. அந்தத் தொடரைத் தயாரித்த யுனிவர்சல் டெலிவிஷன், என்பிசியின் சொந்தக் குடும்பத்து நிறுவனம். குத்தகைக்கு விட்ட நிலத்தைக் குத்தகைக்காரர் வேண்டாம் என்று விட்டதும் சொந்தக்காரரே ஏர் கட்டினார், அவ்வளவுதான்.

இந்தக் குத்தகைக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் மீட்பு எல்லாமே புரிந்துவிடும். தொடர் யாருக்குச் சொந்தம் என்பதுதான் கேள்வி. தமிழில் ஒரு காலத்தில் தயாரிப்பாளர்களே சன் டிவிக்குப் பணம் கட்டி அரை மணி நேரத்தை வாங்குவார்கள். அந்த நேரத்துக்குள் வரும் விளம்பரத்தை விற்றுப் போட்ட பணத்தை எடுப்பார்கள். விளைந்தது அவர்களுடையது. ராடான் நிறுவனம் 1999-ல் தொடங்கிய 'சித்தி'யை இன்று தன் யூடியூப் சேனலில் போட முடிகிறது என்றால் அதனால்தான். இப்போது பல சேனல்களில் எபிசோடுக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிடுகிறார்கள். நிலமும் சேனலுடையது, நெல்லும் சேனலுடையது. தனக்கு வேண்டாம் என்று நிறுத்திய கதையை எதிர்ச் சேனலுக்குத் தூக்கிக் கொடுக்க எந்த சேனலுக்கு மனம் வரும்? எடுக்கிற சேனலுக்கும் அதில் ஆசை குறைவு. பழைய நடிகர்கள் ஏறிய சம்பளத்தோடு வருவார்கள், முதல் அறுநூறு எபிசோடு அடுத்த வீட்டில் கிடக்கும். இங்கே ஒரு கதை திரும்பி வந்தால் பெரும்பாலும் அதே வீட்டுக்குத்தான் வரும். 'எதிர்நீச்சல்' 2024 ஜூனில் முடிந்தது, டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று அதே சன் டிவியில் வந்தது, நாயகியாக வேறொருவர் நடித்தார்.

ஸ்பெயினில் 2017-ல் ஆன்டெனா 3 சேனலில் வந்து முடிந்த ஒரு கொள்ளைக் கதையை நெட்ஃபிளிக்ஸ் வாங்கி வெளியிட்டு, 'மணி ஹெய்ஸ்ட்' என்று உலகமே பார்த்தது, பிறகு புதுப் பகுதிகளும் எடுத்தார்கள். ஓர் ஊரில் விலை போகாத சரக்குக்கு இருநூறு ஊரில் கடை வைத்திருப்பவர் வேறு விலை கொடுக்க முடியும். தினம் அரை மணி நேரம் என்று வருஷக்கணக்கில் ஓடும் நம் தொடருக்கு அப்படி ஒரு கடை இன்னும் அமையவில்லை.

கார்டு எழுதினால் நடக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது ரசிகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்கள், 1968-ல் மூன்றாவது வருஷம் கிடைத்தது. ஆனால் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளிவிட்டார்கள். இளைஞர்கள் வெளியே சுற்றப் போகும் நேரம் அது. 1969-ல் 79 எபிசோடோடு நின்றது. 2007-ல் அங்கே 'ஜெரிக்கோ' என்ற தொடர் நின்றபோது, கதையில் வரும் 'நட்ஸ்' என்ற வார்த்தையை வைத்து ரசிகர்கள் சிபிஎஸ் அலுவலகத்துக்கு இருபது டன்னுக்கு மேல் வேர்க்கடலை அனுப்பினார்கள். சேனல் இறங்கிவந்து ஏழு எபிசோடு கொடுத்தது. அடுத்த வருஷம் மறுபடி நிறுத்திவிட்டது. கடலை அனுப்பியவர்களுக்கு ஆசை இருந்தது, மீட்டர் இருந்த வீடுகளில் போதுமான பேர் பார்க்கவில்லை.

அதனால் உங்கள் தெருப் பெண்களிடம் சொல்லுங்கள்: முடிந்துபோன இந்தத் தொடருக்காக சேனலுக்கு எழுதும் கார்டு பலிக்காது. செட்டைப் பிரித்திருப்பார்கள். அடுத்ததாக ஒரு தொடர் பிடித்துப்போனால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதுங்கள். ஏழு மணிக்கு வந்துகொண்டிருந்ததை மதியத்துக்கோ பத்தரைக்கோ மாற்றினால் அதுதான் எச்சரிக்கை மணி, உடனே எழுதுங்கள். செல்போனில் பார்ப்பதென்றால் அந்த சேனலின் சொந்த ஆப்பில் பாருங்கள். யாரோ திருட்டுத்தனமாக ஏற்றிய துண்டு வீடியோவைப் பார்ப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

இனி அத்தை. "அது வெறும் கதைதானே" என்று மட்டும் யாரும் அவரிடம் சொல்ல வேண்டாம், உங்கள் கணவர் உட்பட. நடக்க முடியாத ஒருவருக்கு வெளியுலகம் நடந்து வந்த நேரம் அந்த ஏழு மணி. சீரியலோடு சேர்ந்து அந்த நாலைந்து பேரும் வருவது நின்றுவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. நின்றிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நீங்களே போய் ஒவ்வொருவரையும் கூப்பிடுங்கள். டிவியில் யூடியூப் வருமானால் முழுதாக முடிந்த ஒரு பழைய தொடரைப் போடுங்கள். முடிந்த தொடரை வியாழக்கிழமை ஒன்றும் செய்ய முடியாது. கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது என் சித்தி வீட்டில் பெண்கள் ஏழு மணிக்கு அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, இந்நேரம் அந்தக் கதையில் என்ன நடந்திருக்கும் என்று ஆளுக்கொரு பக்கம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அத்தையிடமும் கேளுங்கள், அண்ணன் ஜெயிலிலிருந்து வந்தால் முதலில் யார் வீட்டுக்குப் போயிருப்பான் என்று. அவரிடம் பதில் இருக்கும்.

அப்புறம் ஒரு கடிதம் எழுதுங்கள், சேனலுக்கு அல்ல, கதை எழுதியவருக்கு. எங்கள் தொடர் நின்ற மாதம் வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா இன்லண்ட் லெட்டரில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "அந்தப் பெண் கடைசியில் வேலைக்குப் போனாளா இல்லையா?" நோட்டில் இருந்த முடிவை நாலு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். படமாக்கப்படாத அந்த எட்டு மாதக் கதையை இந்த உலகத்தில் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அத்தை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, எங்கள் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். உங்கள் சீரியலின் கதாசிரியர் கையில் அதைச் சேர்ப்பது என் பொறுப்பு. பதில் வந்தால் தனியாகப் படித்துக் காட்டிவிடாதீர்கள். ஏழு மணிவரை வைத்திருந்து, எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு படியுங்கள்.