வங்கி அப்ரண்டிஸ்: தொழில் கடன் பிரிவில் என்ன கற்கலாம்?

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். பொதுத்துறை வங்கி ஒன்றில் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சிக்குத் தேர்வாகி, கரூர் கிளையில் தொழில் கடன் பிரிவில் போட்டிருக்கிறார்கள். ‘ஜெராக்ஸ் எடுக்கத்தான் விடுவார்கள்’ என்கிறார்கள். உருப்படியாக எதைக் கற்கலாம்? வேலை நிரந்தரமாகுமா?

பதில்: நிரந்தரமாகாது. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி நீங்கள் பயிற்சியாளர், ஊழியர் அல்ல. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. உதவித்தொகை வங்கியையும் ஊரையும் பொறுத்து மாதம் 10,000 முதல் 15,000 ரூபாய் வரை இருக்கும். பல வங்கிகளில் இதில் ஒரு பகுதி அரசின் பங்கு. அது ஆதார் இணைத்த கணக்குக்கு நேரடியாக வருவதால், இணைப்பை முதல் வாரத்திலேயே சரிபாருங்கள். வங்கி வேலைக்கு ஐ.பி.பி.எஸ். போன்ற தேர்வை எழுதியே ஆக வேண்டும்; படிப்பை நிறுத்தாதீர்கள்.

இனி ஜெராக்ஸ் விஷயம். எடுக்கச் சொல்வார்கள், எடுங்கள். ஆனால் கையில் வரும் ஃபைலை அனுமதி கேட்டு முழுதாகப் படியுங்கள். முதலில் சாங்ஷன் லெட்டர், அதாவது கடன் அனுமதிக் கடிதம்: எவ்வளவு கடன், என்ன மார்ஜின் (வங்கி கடன் தராமல் உரிமையாளர் பங்காக விடும் சதவீதம்), என்ன ஈடு, என்னென்ன நிபந்தனை எல்லாம் அதில் இருக்கும். அதற்குப் பிறகு உத்யம் சான்று (சிறு தொழில் பதிவு), ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், பேலன்ஸ் ஷீட், சிபில் அறிக்கை (கடன் வரலாறு). நூறு ஃபைலைப் புரட்டுவதைவிட ஒரு கேஷ் கிரெடிட் (சி.சி., வரம்புக்குள் தேவைக்கேற்ப எடுத்துக் கட்டும் கடன்) ஃபைலை முழுக்கப் புரிந்துகொள்வதே மேல்.

உதாரணத்துக்கு ஒரு பெட்ஷீட் நிறுவனம். எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனை 2 கோடி. சிறு தொழில்களுக்கான டர்ன்ஓவர் முறைப்படி நடைமுறை மூலதனத் (அன்றாடம் தொழிலை ஓட்டத் தேவையான பணம்) தேவை அதில் 25 சதவீதம், அதாவது 50 லட்சம். உரிமையாளர் போட வேண்டியது விற்பனையில் 5 சதவீதம், 10 லட்சம். மீதி 40 லட்சம் சி.சி. லிமிட். இது மேல்வரம்புதான், இந்த மாதம் எவ்வளவு எடுக்கலாம் என்பதை ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டிலிருந்து (நிறுவனம் தரும் சரக்கு, பாக்கி விவரம்) கணக்கிடும் டிராயிங் பவர்தான் சொல்லும்.

நிறுவனம் காட்டும் சரக்கு 36 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் நூல் வியாபாரிகளுக்கு இன்னும் கொடுக்க வேண்டியது 12 லட்சம். பணம் கொடுத்த சரக்கு 24 லட்சம்தான்; 25 சதவீத மார்ஜின் போனால் 18 லட்சம். வர வேண்டிய பாக்கி 25 லட்சம், அதில் 90 நாள் தாண்டியது 5 லட்சம். அதைத் தள்ளினால் 20; மார்ஜின் 40 சதவீதம் என்றால் 12 லட்சம். ஆக டிராயிங் பவர் 30 லட்சம். மார்ஜின் சதவீதம் ஃபைலுக்கு ஃபைல் மாறும், சாங்ஷன் லெட்டரைப் பார்த்தே போடுங்கள்.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். கடனுக்கு வாங்கிய நூலையும் பழைய பாக்கியையும் கழிக்காமல் போட்டால் சரக்குக்கு 27, பாக்கிக்கு 15 என்று 42 லட்சம் வரும். லிமிட்டையே தாண்டுவதால், முழு 40 லட்சத்தையும் எடுக்கலாம் என்று தோன்றும். 10 லட்சம் ஈடில்லாமல் வெளியே போய்விடும். ஸ்டேட்மென்ட் வராமலே இருந்தாலும் ஆபத்து: மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டேட்மென்ட்டை வைத்து எடுத்த பணம் ஒழுங்கற்றதாகக் கருதப்படும், அப்படியே தொடர்ந்து 90 நாள் ஓடினால் கணக்கு வாராக்கடனாகும். ஸ்டேட்மென்ட் தராதவர்களின் பட்டியலை மாதாமாதம் எடுத்து ஃபோன் செய்யும் வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். யாரும் விரும்பாத வேலை, எனவே தயங்காமல் தருவார்கள்!

அதிகாரி குடோன் பார்க்கப் போகும்போது கூடப் போங்கள். அங்கே கிடக்கும் நூலெல்லாம் நிறுவனத்துடையது அல்ல. இன்வாய்ஸ் இல்லாமல் டெலிவரி சலானோடு வந்திருந்தால் பெரும்பாலும் ஜாப் ஒர்க்குக்கு (கூலிக்குச் செய்து தர) வந்த அடுத்தவர் சரக்கு; கணக்கில் சேராது. நேர்மாறாக, சாயப்பட்டறைக்குப் போயிருக்கும் நூல் இவருடையதாக இருந்தும் குடோனில் இருக்காது. அதற்குச் சலானையும், அந்த இடத்துக்கும் காப்பீடு உண்டா என்பதையும் கேளுங்கள். பாலிசியில் வங்கியின் பெயரும் குடோனின் இப்போதைய முகவரியும் இருக்க வேண்டும். குடோனை மாற்றிவிட்டு பாலிசியில் முகவரியை மாற்றாமல் விடுவது அடிக்கடி நடப்பது. தீப்பிடித்தால் இழப்பீடு சிக்கலாகும். பாக்கிப் பட்டியலில் அதே குடும்பத்தின் இன்னொரு நிறுவனம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கூட்ட நேரத்தில் ‘என் ஐடியில் இதை மட்டும் என்ட்ரி போட்டுடும்மா’ என்று யாராவது சொல்லக்கூடும். ஒருவர் பதிய, இன்னொருவர் சரிபார்க்க என்று வைத்திருக்கும் பாதுகாப்பே அதில் உடைந்துவிடும். தவறு நேர்ந்தால் விசாரணையில் உங்கள் பெயரும் வரும். ‘வவுச்சரைச் சரிபார்த்துத் தருகிறேன் சார், என்ட்ரி நீங்களே போட்டுடுங்க’ என்று சொல்லுங்கள். வாடிக்கையாளரின் ஆவணத்தை உங்கள் வாட்ஸ்அப்பில் வாங்குவதும் கூடாது.

பயிற்சி முடியும்போது கிடைக்கும் சான்றிதழில், நீங்கள் பார்த்த வேலை விவரம் இருக்காது. ஸ்டாக் ஸ்டேட்மென்ட் சரிபார்ப்பு, குடோன் ஆய்வுக்கு உதவி என்று குறிப்பிட்டு ஒரு கடிதம் தரும்படி மேலாளரைக் கடைசி மாதத்திலேயே கேளுங்கள். அவர் மாறுதலில் போய்விட்டால், புதிதாக வருபவருக்கு உங்கள் வேலை தெரிந்திருக்காது.