மறு: எஸ்எக்ஸ்-70 கேமராவில் 600 பிலிம் வெளுத்துப்போகிறது

எடுத்ததும் படத்தை வெளியே தள்ளும் உங்கள் போலராய்டு எஸ்எக்ஸ்-70இல், அதற்கு உரியதைவிட ஒளியுணர்வு கூடிய 600 பிலிமைப் போட்டு எடுக்கிறீர்கள்; வெளிச்சத்தைக் குறைக்கும் வடிகட்டி போட்டும் படம் வெளுக்கிறது என்கிறீர்கள். நீங்கள் இணைத்த படத்திலேயே காரணம் தெரிகிறது: வடிகட்டி லென்ஸை மட்டுமல்ல, பக்கத்திலிருக்கும் ஒளியளக்கும் கண்ணையும் மூடியிருக்கிறது. வெளிச்சம் குறைவு என்று நினைத்து கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கிறது. வடிகட்டியின் பலன் அங்கேயே போய்விடுகிறது. லென்ஸுக்கு மட்டும் போகுமாறு வெட்டி ஒட்டுங்கள்.

1972இல் வந்த இந்தக் கேமராவுக்கான பிலிமின் வேகம், அதாவது ஒளியுணர்வு, சுமார் 160; 600 பிலிமுக்கு 640. நான்கு மடங்கு வித்தியாசத்தை இரண்டு ஸ்டாப் வடிகட்டி சரிக்கட்டும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்). படத்தை வெளுப்பாக்கவோ கறுப்பாக்கவோ கேமராவில் இருக்கும் ஒளிச் சக்கரத்தைக் கறுப்புப் பக்கம் திருப்புவது மட்டும் போதாது, அது நுண்திருத்தத்துக்குத்தான்.

வெளியே வரும் படத்தின் மேல் உடனே வெயில் படவிடாதீர்கள். சென்னைக் கோடையில் எடுப்பதாகச் சொன்னீர்களே, 28 டிகிரியைத் தாண்டினால் படம் மஞ்சளாகச் சாயும். நிழலில் வைத்து உருத்தெளிய விடுங்கள்.

கேமராவின் மேல் ஒட்டியிருக்கும் தோலை மாற்றும் ஆசைக்கு என் ஆதரவு உண்டு. பழைய பசையை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தெடுங்கள், நேராக ஊற்றவே வேண்டாம். புதிய தோல் மெல்லியதாக இருக்கட்டும். தடித்தால் கேமரா சரியாக மடங்காது. சிவப்பு வேண்டாம் என்பேன், ஆனால் கேமரா உங்களுடையது.