பெயருக்காக ஒரு படிப்பு, அதற்காக வீட்டுப் பங்கு அடகா?

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

மகளைச் சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில், நிர்வாக ஒதுக்கீட்டில், செயற்கை நுண்ணறிவுப் பொறியியலில் சேர்த்தே தீர வேண்டும் என்று அவளுடைய பெரியப்பச்சியும் அம்மானும் நெருக்குவதையும், அதற்காகக் காரைக்குடி வீட்டில் உங்கள் பங்கை அடகு வைக்க நினைப்பதையும் எழுதியிருந்தீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன்.

அந்தப் படிப்பில் மனமில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். பாகப்பிரிவினைக்காகப் பழைய பத்திரங்களைப் பரப்பி வைத்து, பட்டாவில் முன்னெழுத்தோடும் பத்திரத்தில் வேறு எழுத்துக்கூட்டலோடும் இருப்பவர் ஒரே ஐயாதான் என்று கண்டுபிடித்து, சுவீகாரம் வந்த பிள்ளைகள் உட்பட மூன்று தலைமுறை உறவுகளை அவள் அட்டவணையாக்கியதைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான் பிடித்துக்கொண்டது அந்த வரியைத்தான்.

அரசின் இணையச் சேவைகள் இன்று தடுமாறுவது, யார் யார், யாருக்கு என்ன உறவு என்ற இதே இடத்தில். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குத் தாத்தா, பாட்டி வரை பார்க்கிறார்கள். குடும்ப அட்டையில் குடும்பம் என்பது வேறு கணக்கு. வாரிசுச் சான்றிதழில் இன்னொன்று. மனிதர் இதைப் புரிந்துகொள்வார், கணினிக்கு எழுதி வைத்தாக வேண்டும். ‘இந்தச் சர்வே எண் – உரிமையாளர் – இன்னார்’ என்று ஒவ்வொரு செய்தியையும் மூன்று உறுப்புகளாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்புக்கும் குழப்பமில்லாத அடையாளம் தருவது, இணையத் தரவின் பொருளைக் கணினிக்கும் புரியவைக்கும் சொற்பொருள் வலையின் அடிப்படை. ஆர்.டி.எஃப். எனப்படும் இம்முறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999-இல் பரிந்துரையாக வெளியிட்டது. இப்படிப் பொருள் வரையறுத்த தரவு இருந்தால்தான், மக்கள் சார்பில் வருவாய்த் துறையிலும் பதிவுத் துறையிலும் விவரம் கேட்டு ஒப்பிட்டுச் சொல்லும் அறிவார்ந்த மென்பொருள் முகவரை நம்ப முடியும். இல்லையேல், ஒரே பெயருள்ள இருவரை அது ஒருவராக்கிவிடும்.

இந்த வரையறைகளை உருவாக்கக் கற்றுத்தரும் படிப்பு நூலக, தகவல் அறிவியல். நம் உறவினர்கள் இதைப் புத்தகம் அடுக்கும் வேலை என்று தள்ளிவிடுவது வேதனையானது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், நூல்களை வகைப்படுத்த 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்து இணைக்கும் சிந்தனையை உலகுக்குத் தந்தது. அவர் 1962-இல் பெங்களூருவில் தொடங்கிய டி.ஆர்.டி.சி. என்னும் ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையம் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்தது. அங்குள்ள இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கு எந்தப் பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம்; மாத உதவித்தொகையும் உண்டு. தேர்வில் கணக்கும் தர்க்கமும் கேட்பார்கள், சேர்ந்தபின் ஓரளவு நிரலும் எழுத வேண்டியிருக்கும் என்பதை அவளிடம் மறைக்காதீர்கள். படித்தவுடன் நிரந்தர அரசுப் பணி என்று நான் உறுதி தரமாட்டேன். இத்தகைய வேலை பெரும்பாலும் ஒப்பந்தத் திட்டங்களில் தொடங்குகிறது.

ஆகவே இப்போதைக்கு அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் அவளுக்குப் பிடித்த பட்டப்படிப்பில் சேருங்கள். வீட்டிலிருந்தே போய்வரலாம், கட்டணமும் சொற்பம். பதினெட்டு வயதுப் பெண் விரும்பாத படிப்புக்காக, பங்காளிகள் பலருக்கும் பொதுவான வீட்டில் வட்டிச் சுமை ஏற்றுவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். பெரியப்பச்சிக்குச் சந்தேகம் இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள், டி.ஆர்.டி.சி.யின் மாதிரி வினாத்தாளோடு அவளும் வரட்டும்.