சிங்கப்பூர் குரூப் டூரில் அம்மா அப்பா முதல் இரண்டு நாளைச் சமாளிப்பார்களா?

"அப்பா அம்மாவை முதல்முறையாக வெளிநாட்டுக்கு, சிங்கப்பூர் குரூப் டூரில் அனுப்புகிறேன், முதல் இரண்டு நாள் எப்படி இருக்கும், சாப்பாட்டுக்கு என்ன வழி" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் பணம் கட்டும் முன் இரண்டு விஷயத்தைக் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்: முதல் நாள் அறைச் சாவி எத்தனை மணிக்குக் கைக்கு வரும், ராத்திரிச் சாப்பாடு எங்கே.

சென்னையிலிருந்து நாலு மணி நேரப் பயணம்தான். ஆனால் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் விமானத்தில்தான் பெரும்பாலும் போடுவார்கள். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, காலை ஆறரைக்கு இறங்கினால் நம் உடம்புக்கு அது விடிகாலை நாலு மணி. அறையோ மதியம் இரண்டு, மூன்று மணிக்கு மேல்தான். நடுவில் இருக்கிற நேரத்துக்குப் பெயர்தான் 'சிட்டி டூர்'. நானும் அம்மாவும் இப்படி ஒரு டூரில் போய் வந்தோம். என் அம்மா பெரம்பூரில் குளிக்காமல் காபிகூடக் குடிக்காதவர், அறுபதைத் தாண்டியவர், முட்டி வலி வேறு. அவரை முகம் மட்டும் கழுவவைத்து சிங்கத் தலையும் மீன் உடம்புமான மெர்லயன் சிலை முன்னால் வெயிலில் நிறுத்தினார்கள். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் 1827இல் ஏற்பட்டது, சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில், அம்மா அதைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டு வந்தார். "டைம் இல்லை ஆன்ட்டி, பஸ்ஸிலிருந்தே கும்பிட்டுக்கோங்க" என்றார் டூர் மேனேஜர். அதே நாள் சாக்லேட் கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்த மட்டும் நேரம் இருந்தது.

ராத்திரி நான் ரொட்டி, பனீர், ஜீரா ரைஸ். மறுநாள் ராத்திரியும் அதே. வட இந்தியச் சாப்பாட்டை நான் குறை சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். சர்க்கரை மாத்திரை போடுகிற, ராத்திரியில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்கிற ஒருவருக்கு ஒன்பதரை மணிக்கு அந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். அதுவும் எந்த ஊரில்? 1947இலிருந்து கோமள விலாஸ் என்கிற நம்மூர்ச் சைவ ஹோட்டல் இருக்கிற ஊரில்! இரண்டாம் நாள் நான் மேனேஜரிடம் சொல்லிவிட்டு அம்மாவை எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயிலில் லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப்போனேன். ஸ்டேஷன் பெயரே தமிழில் இருக்கிறது. சிராங்கூன் ரோட்டில் இட்லி சாப்பிட்டு, தேக்கா மார்க்கெட் பக்கம் ஒரு கடைக்காரரிடம் "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டு, அவர் பட்டுக்கோட்டை என்று சொன்னதும் அம்மா அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஊரை விட்டு வந்த பிறகு அவர் முகம் தெளிந்தது அப்போதுதான்.

சிங்கப்பூர் போயும் இட்லியா என்று கேட்க ஆள் வருவார்கள். நான் ஹாக்கர் சென்டரில், அதாவது பல சின்னச் சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இடத்தில், லக்ஸா என்கிற தேங்காய்ப்பால் நூடுல்ஸ் சாப்பிட்டேன், பிரமாதம். வயதானவர்களுக்கு முதல் இரண்டு நாள் வயிறு கெடாமல் இருந்தால்தான் மூன்றாம் நாள் புதுசாக எதையாவது தொட்டுப் பார்க்கத் தோன்றும். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டிக் கொடுங்கள், கூச்சம் வேண்டாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லைதான். எங்களோடு சித்தியும் வந்தார், சித்தப்பா இல்லை. நான், அம்மா, சித்தி மூன்று பெண்களும் ஒரே அறையில் கூடுதல் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்கிறோம் என்று கெஞ்சியும் கேட்காமல், தனி அறை என்று சித்தியிடம் மட்டும் அதிகப் பணம் வாங்கினார்கள். அது போதாதென்று பஸ்ஸில் மைக்கைக் கொடுத்து எல்லோரையும் ஜோடி ஜோடியாக அறிமுகம் செய்யச் சொல்லி, சித்தியிடம் "அங்கிள் வரலையா?" என்று கேட்டார்கள். சித்தி அன்று முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக வருகிற பெண்களை இப்படி நடத்துவதை எத்தனை காலம் பொறுத்துக்கொள்வது? பின்னூட்டப் படிவத்தில் ஒரு பக்கம் முழுக்க இதைத்தான் எழுதிக் கொடுத்தேன், பதில் வரவில்லை.

சரி, உங்கள் விஷயம். வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், நீங்களே செய்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். ரயிலில் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, அபராதம் உண்டு. ஹாக்கர் சென்டரில் சாப்பிட்ட தட்டை நாமே எடுத்து வைக்க வேண்டும். சாயங்காலம் 7.45க்கும் 8.45க்கும் கார்டன்ஸ் பை த பே பூங்காவில் இருக்கிற ராட்சதச் செயற்கை மரங்களில் விளக்குக் காட்சி, இலவசம், படுத்துக்கொண்டே பார்க்கலாம். அப்பாவுக்கு சர்க்கரை இருந்தால் அங்கே வெறும் 'கொப்பி' என்று கேட்க வேண்டாம், இனிப்பான கண்டென்ஸ்டு மில்க் சேர்ந்துதான் வரும். 'கொப்பி சி கொசோங்' என்று கேட்டால் சர்க்கரை போடாத பால் காபி கிடைக்கும்.